நெகட்டிவா ஸ்லைடா: ரோல் வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள்

பிலிம் கேமராவுக்குக் கலர் ரோல் இரண்டு வகை: கழுவியதும் நேரான நிறத்திலேயே படம் தெரிவது ஸ்லைடு, நிறம் தலைகீழாக வந்து ஸ்கேனில் திருப்ப வேண்டியது நெகட்டிவ். ஸ்லைடு என்றால் நிறம் அள்ளும், நெகட்டிவ் என்றால் மென்மையாக வரும் என்று சொல்லி ரோல் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். நிறமெல்லாம் அப்புறம். எந்த நேரத்தில், எந்த வெயிலில் எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். சென்னையில் பாதி முடிவு அதிலேயே முடிந்துவிடும்.

சித்திரை மாத நண்பகலை எடுத்துக்கொள்வோம். நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு (ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகம்) லென்ஸ் துளை எஃப்16, ஷட்டர் 1/125 நொடி சரியாக இருக்கும். அந்த அளவில் வெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அளவுகோலாகக் கொள்ளும் நடுத்தரச் சாம்பல் நிறத்தைவிட இரண்டு ஸ்டாப் மேலே விழும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. அதே ஃபிரேமில் ஒருவர் வேப்ப மர நிழலில் நிற்கிறார் என்றால் அவர் மேல் விழும் வெளிச்சம் சுமார் மூன்று ஸ்டாப் குறைவு. கறுத்த முகம் என்றால் இன்னும் ஒரு ஸ்டாப் கீழே. ஆக வேட்டிக்கும் முகத்துக்கும் ஆறு ஸ்டாப் இடைவெளி. ஸ்லைடு விவரத்தோடு தாங்குவது ஏறக்குறைய ஐந்துதான். முகத்துக்கு அளந்தால் வேட்டி வெறும் கண்ணாடியாக வெளுத்துவிடும். வேட்டிக்கு அளந்தால் முகம் கரி. நெகட்டிவில் இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்தால் வேட்டி நான்கு ஸ்டாப் மேலே போனாலும் அதன் மடிப்புகளை ஸ்கேனில் மீட்கலாம், முகமும் கிடைக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஸ்லைடில் வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தில் கடைசியில் சாயமே மிஞ்சாது. பிலிம் தெளிவாகிவிடும், அங்கே ஸ்கேனர் தேடி எடுக்க ஒன்றும் இல்லை. நெகட்டிவில் வெளிச்சம் கூடக்கூட அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். விவரம் அதற்குள்தான் இருக்கும். வெளிச்சம் குறைந்தால் கதை தலைகீழ். நெகட்டிவின் நிழல் பகுதி வெறுமையாகி, ஸ்கேனில் சேறு மாதிரி கிரெய்னாக, அதாவது புள்ளிப் புள்ளியாக வரும். அதனால் ஸ்லைடை வெளிச்சப் பகுதிக்கு அளக்க வேண்டும், நெகட்டிவை நிழலுக்கு. ஐஎஸ்ஓ 400 நெகட்டிவை மீட்டரில் 200 என்று வைத்து எடுப்பவர்கள் செய்வது இதைத்தான். ஸ்லைடில் அந்தப் பழக்கத்தைக் காட்டினால் ரோல் முழுக்க வெளுத்து வரும். அங்கே அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும்.

அப்படியானால் ஸ்லைடு எப்போது? மெரினாவில் சூரியன் எழுந்த முதல் அரை மணி நேரம். சூரியனை ஃபிரேமுக்கு வெளியே தள்ளி, பக்கத்து வானத்தை அளந்து அந்த அளவைப் பூட்டிவிட்டு எடுங்கள். மயிலாப்பூர் குளத்தின் மேற்குக் கரையில் மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். கோபுரத்தின் மேல் நேராக விழும். இரண்டையும்விட நல்லது ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மேகமூட்ட நாள். நிழலே இல்லாத வெளிச்சத்தில் மொத்த இடைவெளியும் மூன்று நான்கு ஸ்டாப்புக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் நீலம் தட்டும், அதற்கு லேசாக மஞ்சள் கூட்டும் 81ஏ ஃபில்டர் போதும். ஸ்லைடு ரோல்களில் வெல்வியா 50 பச்சையையும் சிவப்பையும் ஏற்றிக் காட்டும், முகங்களையும் சேர்த்துச் சிவக்க வைக்கும். ஏற்கெனவே வண்ணம் பூசிய கோபுரத்துக்கு அது தேவையா என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். ப்ரோவியா 100எஃப் அல்லது எக்டாக்ரோம் இ100 அடக்கமாக வரும்.

மார்கழி சபா மேடை, காசிமேட்டில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலம், டியூப்லைட் எரியும் கடை, இதற்கெல்லாம் நெகட்டிவ்தான். இன்று கிடைக்கும் ஸ்லைடு பகல் வெளிச்சத்துக்குச் சமன் செய்யப்பட்டது. டியூப்லைட்டில் பச்சையடிக்கும், குண்டு பல்பில் ஆரஞ்சாகும். நீல நிற 80ஏ ஃபில்டர் போட்டால் ஆரஞ்சு போகும், கூடவே இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போகும். நெகட்டிவில் ஸ்கேனிலேயே திருத்தலாம். ஆனால் மஞ்சள் வெளிச்சத்தில் பிலிமின் நீல நிறம் பதியும் அடுக்குக்குத் தீனி குறைவு. போர்ட்ரா 800 நெகட்டிவை 400 என்று வைத்து எடுத்தால்தான் திருத்தும்போது நிழலில் நீலக் கிரெய்ன் கொப்பளிக்காது.

அடுத்தது கழுவுவது. நெகட்டிவைக் கழுவும் முறை சி-41: டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கல்) 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 நொடி. ஸ்லைடைக் கழுவும் முறை இ-6: முதல் டெவலப்பர் 38 டிகிரியில் 6 நிமிடம். இந்த முதல் டெவலப்பர் கறுப்பு வெள்ளை டெவலப்பர்தான், ஆனால் படத்தின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது. சூடோ நேரமோ கூடினால் படம் வெளுக்கும், குறைந்தால் இருளும். வேண்டுமென்றே 8 நிமிடம் விட்டால் ஒரு ஸ்டாப் புஷ், அதாவது ஒரு ஸ்டாப் குறைவாக எடுத்த ரோலை ஈடுகட்டுவது. வீட்டில் கழுவுகிறவர்கள் கடைசி ரின்ஸை போர் தண்ணீரில் கலக்காதீர்கள். உப்புப் புள்ளி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

லேபில் கொடுப்பதாக இருந்தால் இ-6 எத்தனை நாளைக்கு ஒருமுறை ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். எப்போதாவது ஒரு ரோல் வரும் இடத்தில் கெமிக்கல் பழசாகத்தான் இருக்கும். ரோல் மேலேயே இ-6 என்று எழுதிக் கொடுங்கள். தவறி சி-41-இல் போனால் நிறம் திரிந்த நெகட்டிவாக வரும், திருப்ப முடியாது. கோடம்பாக்கத்தை நம்பி மிச்ச சினிமா பிலிம் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதுகில் ரெம்ஜெட் கரிப் பூச்சு உள்ள பிலிமை சாதாரண சி-41 மெஷினில் விட்டால் கெமிக்கலும் மற்றவர்களின் ரோல்களும் சேர்ந்து பாழ். அதற்கு இசிஎன்-2 என்ற கழுவும் முறை தனி.

பழைய கேமரா வைத்திருப்பவர்கள் ஸ்லைடு போடும் முன் பேட்டரியைப் பார்க்க வேண்டும். 1.35 வோல்ட் மெர்குரி பட்டனுக்குச் செய்த மீட்டரில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால், பல மாடல்களில் மீட்டர் வெளிச்சத்தை அதிகமாகப் படித்து, படத்தைக் குறைந்த வெளிச்சத்தில் பதிய வைக்கும். நெகட்டிவில் இது தெரியாமலே போகலாம், ஏனென்றால் லேப் ஸ்கேனர் ஒவ்வொரு ஃபிரேமையும் தானாகச் சமன் செய்துவிடும். காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 ஜிங்க் ஏர் பேட்டரி 1.4 வோல்ட், சின்ன வளையம் போட்டால் உட்காரும்.

மீட்டரைச் சோதிக்க ஸ்லைடைவிட நல்ல கருவி இல்லை. ஒரே காட்சியை மீட்டர் சொன்னபடி, அரை ஸ்டாப் மேலே, அரை ஸ்டாப் கீழே என்று மூன்று முறை எடுங்கள். 36 ஃபிரேமில் 12 காட்சிகள். லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால் எந்த வரிசை சரி என்று உடனே தெரியும். எப்போதும் அரை ஸ்டாப் கீழே எடுத்த வரிசையே நன்றாக இருந்தால் ஐஎஸ்ஓ டயலை 100-இலிருந்து 140 பக்கம் நகர்த்துங்கள். அரை ஸ்டாப் மேலே எடுத்த வரிசை என்றால் 70.

எந்த ரோலானாலும் ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே விடுங்கள், இல்லையென்றால் நம் ஊர் ஈரம் பிலிம் மேல் வியர்த்து நிற்கும். கழுவி வந்ததை சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடுங்கள்.