நூறு பாதாம், நூறு கிலோ அரிசி

ஜனவரி 19, 2025, ஞாயிறு
அரிசியை விட்டு இன்றோடு நாற்பது நாள். காலையில் 100 பாதாம், எண்ணித்தான். மதியம் முட்டையும் கீரையும். ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. பலன் இல்லை என்று சொன்னால் பொய். மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் பேலியோ முறைக்காரர்களின் குழுவில் ஒருவர் 'அரிசி என்பது வெள்ளை விஷம்' என்று எழுதியிருந்தார். நானும் ஒரு விருப்பக்குறி போட்டேன். பொங்கல் பானை இன்னும் பரணுக்கு ஏறவில்லை.

ஜனவரி 23, வியாழன்
காய்கறிக் கடையில் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. கடைக்காரர் தந்த சர்க்கரைத் தண்ணீரில்தான் நிமிர்ந்தேன். மருத்துவரிடம் நல்ல திட்டு. சோற்றை நிறுத்திவிட்டு சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கினால் சர்க்கரை தரைக்குத்தான் போகும். பாதியாகக் குறைத்துக் கொடுத்தார். எனக்குக் கோபம் என் மேல்தான்.

ஜனவரி 26, ஞாயிறு
வரும் தைப்பூசத்துக்கு எங்கள் தெருவின் அன்னதானம், வழக்கம்போல வடலூரில். 100 கிலோ அரிசி, சாம்பார் சாதம். பரிமாறும் பொறுப்பு எனக்கு. நாத்தனார் சிரித்துக்கொண்டே, "விஷத்தை நீங்களே ஊற்றுங்கள் அண்ணி" என்றார்.

இரவு பழைய கதைகளைப் புரட்டினேன். மாவுச்சத்தைக் குறைத்து இளைத்ததை முதலில் ஊருக்குச் சொன்னவர்களில் ஒருவர் வில்லியம் பாண்டிங். லண்டனில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்து கொடுத்தவர். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு இளைத்த கதையை 1863இல் சிறு நூலாகப் போட்டார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1867 மே 23 அன்று, வடலூரில் வள்ளலார், பசித்தவர்க்கு இலவசமாகச் சோறிடும் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். அது இன்னும் அணையவில்லை.

அடுத்த பத்தாண்டுக்குள் தாது வருடப் பஞ்சம். நிவாரண வேலையில் நாளெல்லாம் உழைத்த ஆணுக்கு ஒரு ராத்தல் (ஏறக்குறைய 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877இல் கணக்குப் போட்டவர் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சண்டை பிடித்தவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். கிராம் கணக்கில் நானும்தான் சாப்பிடுகிறேன், ஆனால் என் தட்டை நானே சுருக்கிக்கொண்டேன். அந்த விருப்பக்குறியை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு
என் காலை பாதாம் மட்டும் நூறு ரூபாயைத் தாண்டுகிறது. தெருமுனை ரேஷன் கடையில் அரிசி இலவசம், அட்டை வைத்திருப்பவர்கள் பையோடு நிற்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சோற்றைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தானம் என்றாலே சோறு மட்டும்தான் என்பதும் உறுத்துகிறது.

அன்னதானச் சமையல் மாஸ்டரிடம், சாம்பார் சாதத்துக்கான பருப்பை 25 கிலோவிலிருந்து 40 ஆக்கலாமா என்றேன். "அடிபிடிக்கும் அம்மா, இத்தனை வருடமாகக் கிண்டுகிறேன், எனக்குத் தெரியாதா?" என்றார். முட்டை என்ற பேச்சே வடலூரில் கூடாது, கொல்லாமை அங்கே முதல் விதி. கடைசியில் 15 கிலோ கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு ஒத்துக்கொண்டார். செலவு என்னுடையது. பாதாமைப் பாதியாகக் குறைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்
விடியும் முன்பே சாலையெங்கும் கூட்டம். வள்ளலாரின் சத்திய ஞான சபையில் ஏழு திரை நீக்கி ஜோதி காட்டியபோது நான் அண்டாவருகில் இருந்தேன், பார்க்கக் கிடைக்கவில்லை.

ஒன்பது மணி வாக்கில் ஓர் ஆயா தொன்னையை நீட்டினார். "சோறு பாதி போதும் கண்ணு, கடலை இன்னொரு கரண்டி வை. எனக்குச் சர்க்கரை." இருபது வருடமாம். எந்த ஊரில் அன்னதானம் என்றாலும் போவாராம், எங்கேயும் சோறுதான், தின்றுவிட்டு மாத்திரை போட்டுக்கொள்வாராம். கரண்டி கையில் நின்றுவிட்டது. சர்க்கரை நோய் என் போன்றவர்களின் கவலை என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன்!

அவருக்குப் பின்னால் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பையன். அவன் கடலையைக் கண்டுகொள்ளவே இல்லை. "இன்னும் கொஞ்சம் சோறு அக்கா, இன்னும் கொஞ்சம்." தொன்னை வழிய வைத்தேன்.

நான் சாப்பிட்டேனா என்று குழுவில் கேட்பார்கள். அரைத் தொன்னை, அடிபிடித்த பகுதி. மாஸ்டர் சொன்ன பருப்பு அளவிலேயேதான் அடிபிடித்திருந்தது, நான் எதுவும் சொல்லவில்லை.

சுண்டல் பத்தரைக்கே தீர்ந்தது, சோறு மூன்று மணி வரை ஓடியது. அடுத்த வருடம் 30 கிலோ கடலை. முதல் நாள் ஊறவைக்க இன்னோர் அண்டா வாடகைக்கு எடுக்க வேண்டும்.