உள்ளே போடும் சப்பாத்து

மார்ச் விடுமுறைக்கு முந்திய வாரம் பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தை இப்போதெல்லாம் நான் இரண்டு தடவை வாசிக்கிறேன். முதல் தடவை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி தொலைபேசியில். இரண்டாவது தடவை, இரவில் பிள்ளைகளின் பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு. அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுங்கள். சாப்பாட்டுப் பையை மறக்காமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள், உள்ளே வாழைப்பழம் இருந்தால் ஒரு வாரத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பீட்சா மதிய உணவுக்குப் பணம் கட்டக் கடைசி நாள் இது. காணாமற்போன பொருட்களின் மேசையை ஒருமுறை வந்து பாருங்கள். மிஞ்சுவது தானமாகப் போய்விடும்.

வந்த புதிதில் இந்தக் கடிதங்கள் எனக்கு எரிச்சலூட்டின. யாழ்ப்பாணத்தில் நான் படித்த பாடசாலையில் விடுமுறை என்றால் மணி அடிக்கும், ஓடிவிடுவோம். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்று மூன்று தவணை முடிவுகள். ஒரு தவணைக்கும் வீட்டுக்குக் கடிதம் வந்ததாக நினைவில்லை. வீட்டுக்குக் கடிதம் வந்தால் பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தானோ என்னவோ, இங்கே வந்த முதல் கடிதத்தைத் திறக்கும்போதே எனக்கு நெஞ்சு படபடத்தது. மகன் யாரையோ அடித்துவிட்டான் என்றே நினைத்தேன். திறந்து பார்த்தால், கச்சான் கலந்த எதையும் அனுப்ப வேண்டாம், வகுப்பில் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறது என்று எழுதியிருந்தது.

2018 ஓகஸ்டில் நானும் மகனும் கனடாவுக்கு, டொரன்டோ நகரின் ஸ்காபரோவுக்கு வந்தோம். கணவர் முன்பே வந்துவிட்டார். செப்டம்பரில் மகன் முதலாம் வகுப்பு. பதிவு செய்யப் போன அன்று அலுவலகத்தில் தந்த பட்டியலில் ஒரு வரி எனக்கு விளங்கவே இல்லை. வெளியே போடும் சப்பாத்து ஒரு சோடி, உள்ளே போடும் சப்பாத்து ஒரு சோடி. எங்கள் ஊரில் சப்பாத்து என்பது வாசலில் கழற்றும் பொருள். உள்ளே போவதற்கென்று தனியாக ஒன்றை யாராவது வாங்குவார்களா?

டிசம்பரில் விளங்கியது. வீதியில் கொட்டும் உப்பும் பனிச்சேறும் பூட்ஸின் ஓரமெல்லாம் காய்ந்து, கருவாட்டில் உப்புப் பூத்தது போல வெள்ளைக்கோடு விழும். அதோடு வகுப்புக்குள் போனால் தரை என்ன ஆவது? வெறுங்காலோடும் விட முடியாது, தீ ஒத்திகை மணி அடித்தால் பிள்ளைகள் அப்படியே வெளியே ஓட வேண்டும். ஆகவே வகுப்பு வாசலில், ஒவ்வொரு கொழுவிக்கும் கீழே, ஒரு சோடி காத்துக் கிடக்கும். பனிக்காற்சட்டை, பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாவற்றையும் ஆறு வயதுப் பிள்ளைகள் கழற்றி மாட்டி மீண்டும் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அந்த ஆசிரியைகளின் பொறுமைக்குச் சம்பளம் போதாது.

காணாமற்போன பொருட்களின் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குப் பக்கத்தில், நடைபாதையில், நீளமான மடிப்பு மேசை. மார்ச் மாதத்தில் அது ஒரு சந்தைக் கடை. ஒற்றைக் கையுறைகள் மட்டும் ஒரு குவியல். எந்த இரண்டும் சோடி சேராது. நனைந்து காய்ந்து நனைந்த கம்பளியின் மணம். அந்த முதல் மார்ச்சில் மகனின் நீல ஜாக்கெட்டைத் தேடிப் போய் நின்றேன். அங்கே நீல ஜாக்கெட் ஐந்து கிடந்தன. பெயர் எழுதச் சொல்லியிருந்தார்கள், நானும் எழுதியிருந்தேன், ஆனால் கழுத்துப்பட்டிக்குள் தமிழில். கைப்பழக்கம். ஆசிரியை அதைக் கண்டு ஏதோ சலவைக் குறிப்பு என்று நினைத்தாராம். மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு தமிழ் அக்காதான் வாசித்துச் சிரித்து, ஜாக்கெட்டை எடுத்து ஒதுக்கி வைத்திருந்தார். "இனியும் தமிழிலேயே எழுதுங்கள் தங்கச்சி, நான் இருக்கும் வரைக்கும் தொலையாது" என்றார். அப்படியே செய்கிறேன்.

அதே விடுமுறையில், அந்த அக்கா சொல்லித்தான், பொது நூலக அட்டையைக் காட்டினால் அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதிச் சீட்டு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டேன். எங்களுக்குக் கிடைத்தது பாட்டா சப்பாத்து அருங்காட்சியகம். இலங்கையில் ரப்பர் செருப்புக்கே பாட்டா என்றுதான் பெயர். அந்தப் பாட்டாக் குடும்பம் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. சோன்யா பாட்டா சேர்த்த சப்பாத்துகளுக்காக 1995-இல் புளூர் வீதியில் திறந்த கட்டிடம் அது. பார்ப்பதற்கே மூடி சற்றுத் திறந்த சப்பாத்துப் பெட்டி மாதிரி இருக்கும். உள்ளே போனதும் மகன் தன் பூட்ஸைக் கழற்றப் பார்த்தான்.

பிறகு 2020.

அந்த வருடக் கடிதத்தில், வகுப்பைச் சுத்தம் செய்யப் போகிறோம், உள்ளே போடும் சப்பாத்தையும் வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று ஒரு வரி இருந்தது. மகன் இரண்டாம் வகுப்பு. ஜனவரியில் வாங்கிய புதுச் சோடி, சாம்பல் நிறம், மடக்கி ஒட்டும் பட்டி. கொண்டு வரவா அம்மா என்று கேட்டான். ஒரு கிழமைதானே, அங்கேயே கிடக்கட்டும் என்றேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பையும் சுமக்க எனக்கு மனமில்லை. மார்ச் 12, வியாழக்கிழமை பின்னேரம், விடுமுறைக்குப் பிறகும் இரண்டு கிழமை ஒன்ராறியோவின் பாடசாலைகள் மூடியிருக்கும் என்று மாகாண அரசு அறிவித்தது. ஏப்ரல் 5 வரை. வெள்ளிக்கிழமை வாசலில் நின்ற தாய்மார் எல்லோரும் அரிசி வாங்குவதைப் பற்றித்தான் பேசினோம். சப்பாத்து என் நினைவிலேயே இல்லை.

அந்தப் படிப்பாண்டு முடியும்வரை கதவு திறக்கவில்லை. ஜூனில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரம் குறித்துக் கூப்பிட்டார்கள். முகக்கவசம் போட்டு, தரையில் ஒட்டியிருந்த குறியில் நின்றேன். ஆசிரியை ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார், நான் முன்னால் வந்து எடுத்தேன். இருவரும் கையசைத்தோம். பைக்குள் பாதி எழுதிய கொப்பிகள், விடுமுறை நாட்களுக்கு நிறம் தீட்டிய ஒரு மார்ச் நாட்காட்டி, அந்தச் சாம்பல் நிறச் சோடி. வீட்டில் போட்டுப் பார்த்தான். பெருவிரல் மடங்கியது. இரண்டரை மாதம் கூடப் போடாத சப்பாத்து. அடி தேயவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை, யாருக்கும் கொடுக்கவும் தோன்றவில்லை. பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தேன். அடுத்த வருடம் மார்ச் விடுமுறையையே ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டார்கள். திரைக்கு முன்னால் இருந்த பிள்ளைகளுக்கு எது விடுமுறை, எது பாடசாலை என்று வித்தியாசம் தெரிந்ததா என்பது வேறு கதை.

இப்போது மகன் எட்டாம் வகுப்பு. ஆரம்பப் பாடசாலையில் இது அவனுக்குக் கடைசி மார்ச். கால் அப்பாவின் காலைவிட நீளம். அன்றைய கைக்குழந்தை முதலாம் வகுப்பு. ஜனவரியில் அவளுக்குச் சப்பாத்து சிறிதாகிவிட, அலுமாரிக்கு மேலிருந்த பெட்டி நினைவுக்கு வந்தது. கொஞ்சம் பெரிது. காலுறையை இரண்டாகப் போட்டு அனுப்பினேன்.

இந்த வருடக் கடிதத்தில் சப்பாத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருந்தாலும் கொண்டு வா என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஒரு கிழமைதானே அம்மா என்றாள். விளக்கம் சொல்ல நேரமில்லை, கொண்டு வா என்றேன்.

வெள்ளிக்கிழமை அவள் ஒற்றைச் சப்பாத்தோடு வந்தாள். மற்றது எங்கே என்று கேட்டால் தெரியாது. நான் மேசையைக் கிளறிக்கொண்டிருந்தபோது மகன் படியிறங்கி வந்தான், காது சிவந்திருந்தது. அவன் கையில் அந்தச் சாம்பல் நிறச் சப்பாத்து. மதிய உணவு அக்கா அதை எங்கோ கண்டெடுத்து, நாக்குக்குக் கீழே நான் தமிழில் எழுதியிருந்த பெயரை வாசித்து, எட்டாம் வகுப்புக்கே கொண்டு போய், எல்லோருக்கும் முன்னால் கொடுத்துவிட்டார்.

"பெயரை மாற்றி எழுதவே இல்லையா அம்மா?" என்று கேட்டான். பேனாவுக்காகப் பைக்குள் கையை விட்டேன்.