பென்குவின் நடை

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

விடிந்ததும் ஒபிஹிரோ ஊர் நண்பனிடமிருந்து ஒரு படம். வாசற்கதவைத் திறந்தால் நெஞ்சு உயரத்துக்கு வெள்ளைச் சுவர். கதவின் கைப்பிடி அதில் அச்சு வார்த்த மாதிரி பதிந்திருக்கிறது. 12 மணி நேரத்தில் 120 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது. ஜப்பானில் இதுவரை பதிவானதிலேயே இதுதான் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். லீவுக்கு வீட்டுக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். "சனிக்கிழமை வரப் பார்க்கிறேன். முதல்ல காரைக் கண்டுபிடிக்கணும்" என்று எழுதியிருந்தான்.

இங்கே சப்போரோவில் அந்தக் கூத்து இல்லை. பனியில் சிலைகள் செய்து வைக்கிற பனித்திருவிழா இன்று தொடங்கிவிட்டது, 11 வரை நடக்கும். எல்லோருமாகச் சனிக்கிழமை போவதாக ஏற்பாடு. நான் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, என் முதல் குளிர்காலம் இது.

பிப்ரவரி 6, வியாழன்

ஆய்வகத்தில் டீ குடிக்கும்போது பேராசிரியர் பழைய கதை சொன்னார். திருவிழா நடக்கிற ஓடோரி பூங்கா ஒரு காலத்தில் ஊர்ப்பனியை அள்ளிக் கொண்டுவந்து கொட்டுகிற இடமாம். 1950இல் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஆறு சிலைகள் செய்து வைத்ததில்தான் எல்லாம் ஆரம்பம். 1955இல் தற்காப்புப் படையினரும் (இங்கே ராணுவத்துக்கு அதுதான் பெயர்) சேர்ந்துகொள்ள, சிலைகள் மாடிவீட்டு உயரத்துக்கு வளர்ந்தன. 1972 குளிர்கால ஒலிம்பிக் இங்கே நடந்தபோதுதான் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது.

இப்போது ஊருக்குள் கிடக்கிற பனி சிலைக்கு ஆகாது. மண்ணும் கல்லும் கலந்திருந்தால் செதுக்க வராது. அதனால் ஊருக்கு வெளியிலிருந்து சுத்தமான பனியை லாரி லாரியாக அடிக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 5 மீட்டர் பனி விழுகிற ஊர் பனியை வெளியிலிருந்து கொண்டுவருகிறது! ஒட்டன்சத்திரத்துக்காரி எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அத்தனை பெரிய காய்கறி மார்க்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சமைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டில் தக்காளி இருக்காது.

ஆறு வருடமாக இங்கே இருக்கிற கோவை அண்ணன், பூட்ஸுக்கு அடியில் மாட்டுகிற முள்பட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

ஒபிஹிரோக்காரன் வரவில்லை. கோவை அண்ணன், டாக்கா தோழி, நான், மூன்று பேர்தான். சப்போரோ ஸ்டேஷனிலிருந்து ஓடோரிக்குத் தரைக்கு அடியிலேயே நடைபாதை இருக்கிறது. கதகதப்பாகப் போய்ச் சேரலாம். தோழிக்குப் பனியில் நடக்க ஆசை, எனக்கும்தான். மேலேயே போனோம்.

இரண்டாவது சிக்னலில் விழுந்தேன். நடைபாதையில் மிதிபட்ட பனி பரவாயில்லை, காலைப் பிடிக்கும். கார்கள் நின்று நின்று கிளம்புகிற இடம்தான் மோசம். டயர் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. "ட்சுரு ட்சுரு" என்று இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொல்லே வழுக்குகிறது. வலது முழங்கால் முதலில், பிறகு கை, பிறகு மானம். எழுந்து நிற்பதற்குள், எதிரே வந்த ஒரு பாட்டி சாலையோரப் பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்து, நான் விழுந்த இடத்தில் பொடிக்கல்லைத் தூவ ஆரம்பித்தார். கோழிக்குத் தவிடு தூவுகிற அதே கைவீச்சு. அந்தப் பெட்டியை நாலு மாதமாகக் குப்பைத்தொட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாமாம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஓடோரி பூங்கா நீளவாக்கில் ஒன்றரைக் கிலோமீட்டர். கிழக்கு முனையில் டிவி டவர், அதன் மார்பில் பெரிய மின்கடிகாரம். கூட்டத்துக்காக ஒருவழிப் பாதை போட்டிருந்தார்கள். ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்ப வேண்டும், பிராகாரம் சுற்றுகிற மாதிரி. பெரிய சிலைகளுக்கு முன்னால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். இருட்டியதும் அவற்றின் மேல் ஒளிப்படம் ஓட்டுகிறார்கள். அழகுதான். ஆனால் சிலையைப் பார்க்க வந்த இடத்தில் எதற்கு சினிமா என்று எனக்குத் தோன்றியது. தோழி ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடித்தது பொதுமக்கள் செய்த சின்னச் சிலைகள். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களுக்கு 2 மீட்டர் கனசதுரமாக ஒரு பனிக்கட்டை கொடுப்பார்கள். கோவை அண்ணனின் நண்பர்களுக்கு இந்த வருடம் கிடைத்ததில் ஒரு தூங்குகிற கரடி. இடது காது அண்ணன் கைங்கரியம். மூன்றாம் நாள் அந்தக் காது உடைந்து விழுந்ததாம். பனியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, சாந்து பூசுகிற மாதிரி அப்பி, உறையும் வரை கையாலேயே தாங்கிப் பிடித்திருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் ஒட்டிய இடம் மட்டும் பளபளவென்று பனிக்கட்டியாக இருக்கிறது, மற்றதெல்லாம் சர்க்கரை மாதிரி சொரசொரப்பு. "அந்தப் பக்கம் போட்டோ எடுக்காதே" என்றார்.

ஏழரை மணிக்கு அம்மா வீடியோவில். அங்கே நாலு மணி.

"என்ன கண்ணு, மூஞ்சியே தெரியல?"

"மப்ளரும்மா. இருங்க, இறக்குறேன்."

அம்மா போனைத் திருப்பி ரோட்டைக் காட்டினார். பச்சை வேட்டிகள், காவடிகள், தோளில் பை, ஒரு பொடியன் அப்பா தோளில் தூக்கம். செவ்வாய்க்கிழமை தைப்பூசம், பழனிக்குக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் மோர் அண்டா.

"நீ எவ்வளவு தூரம் நடந்த?"

"போக வர மூணு கிலோமீட்டர். ஒருக்கா விழுந்துட்டேன்."

"இவங்க காரைக்குடியிலருந்து வெறுங்கால்ல வர்றாங்க. நீ பூட்ஸ் போட்டுட்டு விழுந்தியா?"

பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. 58 சதவீதம் சார்ஜ் இருந்தது. வெளியே மைனஸ் 6. குளிருக்கு பேட்டரி இப்படித்தான் கையை விரிக்கும் என்று அண்ணன் சொல்லி, தன் பையிலிருந்த கைரோவை எடுத்துக் கொடுத்தார். இரும்புத்தூள் அடைத்த சின்னப் பொட்டலம். காற்றுப் பட்டதும் தூள் துருப்பிடிக்கும், அந்தச் சூடுதான். போனோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கால்மணி நேரத்தில் உயிர் வந்தது. அம்மாவின் ஏழு மிஸ்டு கால்.

பிறகு சூப் கறி. இந்த ஊரில் பிறந்த சாப்பாடு. ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் ஒரு தினுசு, அதில் முழுக் கேரட், பாதி உருளைக்கிழங்கு, கோழிக்கால். சோறு தனித்தட்டில். கரண்டியில் சோற்றை எடுத்துச் சூப்பில் முக்கிச் சாப்பிட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் தட்டோடு கவிழ்த்துப் பிசைய முடியாதா என்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்கா தோழி யோசிக்கவே இல்லை, கவிழ்த்துவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முழங்கால் கத்தரிக்காய் நிறம். நாள் முழுக்கப் படுக்கை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இங்கே இன்று அரசு விடுமுறை, அங்கே தைப்பூசம். ஒபிஹிரோக்காரன் ஒருவழியாக வந்துவிட்டான், கையில் ஒரு பை உருளைக்கிழங்கோடு. திருவிழாவின் கடைசி நாளை விடக்கூடாது என்று மறுபடி ஓடோரி. என் நடையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "குதிகாலை முதல்ல வைக்காதே. பாதம் முழுசும் ஒண்ணா வை. சின்ன எட்டு. உடம்பு கொஞ்சம் முன்னால." பென்குவின் நடை என்று பெயராம். இங்கே பிள்ளைகளுக்கு நடைவண்டியோடு இதுவும் வந்துவிடும் போல.

அதே சிக்னலை அப்படியே கடந்தேன். மெதுவாக, கைகளைக் கொஞ்சம் விரித்து. பின்னால் வந்த தோழி வங்காளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள், மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். வாய்க்குள் ஒரு அரோகரா போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

ஆய்வகத்துக்குப் போகும் முன் ஓடோரியில் இறங்கினேன். திருவிழா முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் இடித்துவிடுகிறார்கள். நிற்கவிட்டால் இளகி யார் தலையிலாவது விழும். பொக்லைனின் பற்கள் ஒரு பெரிய சிலையின் நெற்றியில் இறங்கின. வேடிக்கை பார்க்க வேலிக்கு இந்தப் பக்கம் நல்ல கூட்டம்.

கரடியின் காது விழுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் அண்ணன். நான் போவதற்குள் கரடி இருந்த இடம் சமதரையாகியிருந்தது. பக்கத்துச் சிலையை எடுத்து அனுப்பி ஏமாற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பத்து மணிக்கு மீட்டிங். பென்குவின் நடையில் போனால் இருபத்தைந்து நிமிடம்.