குடித்தால் எது அடங்குகிறது?

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். உளப்பகுப்பாய்வு, அதாவது மனதில் புதைந்து கிடப்பதைப் பேசிப் பேசி வெளியே கொண்டுவரும் வைத்தியம் என்றதும், அதைத் தொடங்கிவைத்த ஃபிராய்டும் நோயாளியைப் படுக்கவைத்துப் பேசவிட்ட அவருடைய சோபாவும்தான் பலருக்கு ஞாபகம் வரும். எங்களிடம் இருப்பது இரும்புக் கட்டிலும் பிளாஸ்டிக் நாற்காலியும். வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசும் வைத்தியம், நடவுக்கும் அறுப்புக்கும் ஓடுகிறவர்களுக்கு ஒத்துவராது.

முதல் சில நாட்களில் அதற்கு இடமும் இல்லை. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் சித்தம் கலங்கலாம். அப்போது வலிப்பைத் தடுக்கும் டயஜெபம் போன்ற மருந்தும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும்தான் முக்கியம். சிறுவயதுக் கதை காத்திருக்கட்டும்.

கை நடுக்கம் நின்று சோறு இறங்க ஆரம்பித்ததும்தான் என் வேலை. தாங்க முடியாத உணர்ச்சிகளைச் சமாளிக்கவே பலர் போதையைத் தேடுகிறார்கள் என்று அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் எழுதினார். அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. "ஏன் குடிச்சீங்க?" என்றால் தலை குனிவார்கள். "குடிச்சா எது அடங்குது?" என்றால் பேச்சு வரும்.

2018 நவம்பரில் கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு குடி அதிகமாகி வந்தவர்களிடம் கேட்டால், "உடம்பு அசதிக்குத்தான் சார்" என்பார்கள். துக்கம் என்ற பேச்சே வராது. உணர்ச்சியை இன்னதென்று பிரித்தறிய முடியாமல் உடம்பு வலியாகவே அனுபவிப்பதைப் பற்றி உளப்பகுப்பாய்வாளர் ஹென்றி கிரிஸ்டல் நிறைய எழுதியிருக்கிறார். ஒருவரிடம் தோப்பை வைத்தது யார் என்று கேட்டேன். "அப்பாங்க" என்றவர் அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் அவராகவே வந்து உட்கார்ந்து, அப்பா செத்தபோதுகூடத் தான் அழவில்லை என்றார்.

மறுபடி குடித்துவிட்டால் சிலர் என் ஃபோனை எடுக்க மாட்டார்கள். நான் யாரையும் திட்டியதில்லை. அவர்கள் பயப்படுவது எப்போதோ வீட்டில் வாங்கிய திட்டுக்கு. அந்தப் பழைய பயத்தை என் மேல் ஏற்றிப் பார்க்கும் இந்த இடமாற்றத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால் நமக்கும் கோபம்தான் வரும்.

ஆனால் காரணம் தெரிந்தால் குடி தானாக நின்றுவிடும் என்பதை நான் நம்பவில்லை. மனதை அவ்வளவு தோண்டிய ஃபிராய்டே, 1923இல் வாயில் புற்றுநோய் தெரிந்த பிறகும் சுருட்டை விடவில்லை. அதனால் தோப்புக்காரரோடு அப்பாவைப் பற்றிப் பேசிய கையோடு, அவர் சம்மதத்துடன் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைத் தினமும் மனைவி எடுத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். டாஸ்மாக் இல்லாத வழியாக வீட்டுக்குப் போக முடியுமா என்றும் பார்த்தோம். இருந்தது. "ரொம்ப சுத்து சார்" என்று அலுத்துக்கொண்டார்.