‘நாங்களே கூப்பிடுகிறோம்’ என்றார்கள்

2020 ஏப்ரலில் எனக்கு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே எடுக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். மார்ச் கடைசியில் போன் வந்தது. “அவசரமில்லாத பரிசோதனைகளையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறோம் அம்மா. நிலைமை சரியானதும் நாங்களே கூப்பிடுகிறோம்.” உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். மருத்துவமனைப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது என்று நானும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டேன். அந்த அழைப்பு இன்றுவரை வரவில்லை.

இரண்டரை ஆண்டு கழித்து என் பதிவைத் திறந்து காட்டச் சொன்னேன். ‘நிலுவை’ என்று இருந்தது. நிலுவையில் இருப்பவருக்கு அடுத்த தேதி தானாக விழாதாம். பழையதை முடித்தால்தான் புதியது விழுமாம். நிலுவைப் பட்டியலை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். என் மீதும் தப்பு உண்டு. 2018 ரிப்போர்ட் சுத்தமாக இருந்த தைரியத்தில், நானாக ஒரு முறை கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்தக் காலத்தில் தள்ளிப்போட்ட பரிசோதனை ஏதேனும் அப்படியே நின்றுபோயிருந்தால், தயவுசெய்து இன்றே போனை எடுங்கள்.

2022 அக்டோபரில் குளிக்கும்போது இடது மார்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. உடனே தேதி கேட்டேன். முதல் சந்திப்பு போனில்தான் என்றார்கள். தொற்றுக்காலத்தில் வந்த ஏற்பாடு. சௌகரியமாக இருந்ததால் அப்படியே தங்கிவிட்டது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னையே அழுத்திப் பார்த்து மருத்துவருக்குப் பதில் சொன்னேன். நகர்கிறதா? கொஞ்சம் நகர்கிற மாதிரி இருக்கிறது. வலிக்கிறதா? இல்லை. “பெரும்பாலும் கொழுப்புக் கட்டியாக இருக்கும், ஒரு மாதம் பார்ப்போம்.” ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

என் தங்கைதான் சத்தம் போட்டாள். “அக்கா, கட்டியை எப்படிப் போனில் தொட்டுப் பார்ப்பார்கள்?” மறுநாள் மறுபடி கூப்பிட்டு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு வாக்கியம் சொன்னேன்: “எனக்கு நேரில் பரிசோதனை வேண்டும். முடியாது என்றால், முடியாது என்று சொன்னதை என் கோப்பில் எழுதிவிடுங்கள்.” மூன்றாம் நாளே தேதி கிடைத்தது. போன் ஆலோசனையே கூடாது என்று சொல்லமாட்டேன். மாத்திரையின் பக்கவிளைவைக் கேட்க, ரத்தப் பரிசோதனை முடிவைப் பேச எனக்கு அது எத்தனையோ பயணங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது. புதிதாக வந்த கட்டிக்கு மட்டும் அது வேண்டாம்.

நேரில் தொட்டுப் பார்த்த மருத்துவர் அன்றே மேமோகிராமுக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு இன்னும் ஆறாத இடம் இதற்கு அடுத்ததுதான்.

ஸ்கேன் பிரிவின் கண்ணாடித் தடுப்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஓரங்கள் சுருண்டு, மை வெளிறி, ஒட்டிய டேப் பழுப்பேறியிருந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் ஆறு வாரம் கழித்து வரவும். “கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்?” என்று கேட்டார் அந்தப் பெண். பத்து நாளைக்கு முன் பூஸ்டர் போட்டிருந்தேன். உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான், சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “கட்டி இருக்கிறது, அதற்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள்” என்றேன். தாளை விரலால் காட்டினார். வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் ஒதுங்கிக்கொண்டேன். ஒரு நாள் வீணானதைவிட, ஒன்றும் பேசாமல் நகர்ந்து வந்தேனே என்ற எரிச்சல்தான் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். கோவிட் ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளில் நெறி கட்டலாம்; மேமோகிராமில் அது புற்றுநோய் பரவியது போலவே தெரியலாம். வீண் பீதியைத் தவிர்க்கத்தான், முடிந்தால் 4 முதல் 6 வாரம் கழித்து வரச் சொல்லலாம் என்று 2021 தொடக்கத்தில் அமெரிக்க மார்பகப் பட நிபுணர்களின் சங்கம் யோசனை சொன்னது. அதுவும் எந்த அறிகுறியும் இல்லாமல் வழக்கமான பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குத்தான். 2022இல் அந்தச் சங்கமே, ஊசிக்காக மேமோகிராமைத் தள்ளிப்போட வேண்டாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டது. தாளை மட்டும் யாரும் கிழிக்கவில்லை.

தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு: புற்றுநோய் அறுவை சிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. அது நோய் உறுதியான பிறகு ஏற்படும் தாமதத்தின் கணக்கு. என் நிலைமைக்கு அப்படியே பொருந்தாது என்பது தெரியும். தெரிந்து என்ன, தூக்கம் போய்விட்டது.

காலையில் மருத்துவரின் அறைக்கே போய் நின்றேன். அவர் சீட்டின் மேல் சிவப்பு மையில் ‘கட்டி உள்ளது, தாமதிக்க வேண்டாம்’ என்று எழுதி, ஊசி போட்ட தேதியையும் இடது கை என்பதையும் குறித்துக் கொடுத்தார். அதே கவுன்டர், அதே பெண். சிவப்பு மையைப் பார்த்ததும் டோக்கன் கொடுத்துவிட்டார். ஊசி போட்ட தேதியையும் எந்தக் கை என்பதையும் மறைக்காதீர்கள். படம் பார்ப்பவருக்கு அது உதவும். என் அக்குளில் நெறி கட்டித்தான் இருந்தது. அதிலும் ஊசி விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை, தடுப்பூசியின் வேலைதான். மார்பில் இருந்தது அப்படி இல்லை.

முடிவு சொல்லும் நாளன்று தங்கையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நோயாளி மட்டும், இதுவும் 2020இன் மிச்சம். கூடத்தில் முகக்கவசம் இல்லாமல் ஐம்பது பேர் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி உள்ளே வந்தால் தொற்று வந்துவிடுமாம். தனியாகப் போய் உட்கார்ந்தேன். ‘புற்றுநோய்’ என்ற சொல்லுக்குப் பிறகு மருத்துவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. மேசையில் இருந்த காகித எடைக்கல்லுக்குள் ஒரு நீர்க்குமிழி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, உள்ளே நுழையும்போதே மருத்துவரிடம் அனுமதி கேட்டுப் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்திருந்தேன். கேள்விகளையெல்லாம் வாசலில் நின்றபடி தங்கைதான் கேட்டாள், பதில்களை அவள்தான் எழுதிக்கொண்டாள். 23 மில்லிமீட்டர், இரண்டாம் நிலை, ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை. அவளுடைய நோட்டில்தான் இதையெல்லாம் நான் முதலில் படித்தேன்.

அறுவை சிகிச்சைக்கு வேறு மருத்துவமனைக்கு மாறினேன். அவர்கள், கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் போதாது, அந்தச் சதையின் மெல்லிய சீவல் வைத்த கண்ணாடி ஸ்லைடும், மீதியை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கும் வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு முறை அலைந்தேன். பிளாக் எண் ரிப்போர்ட்டிலேயே ஓரமாக இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, முன்னாலேயே போனில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனால் ஒரே நடையில் முடியும். அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது, மூன்றாம் நாள் வீடு. நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கவில்லை.

கீமோ நான்கு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் முன்னால் மூக்கில் குச்சி விட்டுக் கோவிட் பரிசோதனை. 72 மணி நேரத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். வெள்ளையணு குறைந்து கிடக்கிறவர்களுக்கு அதன் அவசியம் புரிகிறது, அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த 72 மணி நேரத்தை ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து எண்ணுவதில்லை, மாதிரி எடுத்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் அதிகமாகிவிட்டது என்று இரண்டாவது கீமோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த இடம் கிடைக்க நான்கு நாள் ஆனது.

தொற்றுக்காலத்தின் தயவில் எனக்குக் கிடைத்த பெரிய நல்லது கதிர்வீச்சு சிகிச்சையில்தான். என் தோழி ஒருத்திக்குப் பல ஆண்டுகளுக்கு முன் 25 நாள் கொடுத்தார்கள். பின்னால் அது 15 ஆனது. எனக்கு ஐந்தே நாள். பிரிட்டனில் 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2020 ஏப்ரலில் வெளியானது: மூன்று வாரத்தில் 15 தடவையாகக் கொடுக்கும் 40 கிரேயும் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஒரே வாரத்தில் ஐந்து தடவையாகக் கொடுக்கும் 26 கிரேயும் பலனில் ஏறத்தாழ ஒன்றுதான். சாதாரணக் காலமாக இருந்தால் இது நடைமுறைக்கு வர எத்தனையோ ஆண்டுகள் பிடித்திருக்கும். நோயாளிகளை மருத்துவமனைக்கு அதிகம் வரவிடக் கூடாது என்ற நெருக்கடியில் பல இடங்களில் உடனே பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஏற்றதல்ல, ஆனால் உங்களுக்கு 15 என்று எழுதினால், ஐந்து ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்து இரண்டாம் வாரத்தில் தோல் சிவந்து எரிந்தது, பிறகு தணிந்தது.

2020இலேயே படம் எடுத்திருந்தால் இது தெரிந்திருக்குமா என்று என் மருத்துவரிடம் கேட்டேன். “தெரிந்திருக்கலாம், அப்போது இல்லாமலும் இருந்திருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது” என்றார். நேர்மையான பதில். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போவதாக இல்லை.

2023 மே 5ஆம் தேதி, கோவிட் அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கவுன்டர்களுக்கு அந்தச் செய்தி மெதுவாகத்தான் போய்ச் சேருகிறது. ஓராண்டுப் பரிசோதனைக்குப் போனபோதும் அந்தத் தாள் கண்ணாடியில் அப்படியே இருந்தது. படம் சுத்தமாக வந்தது. அடுத்த ஆண்டுக்குத் தேதி கேட்டேன்.

“இப்போதே தர முடியாது அம்மா, நாங்களே கூப்பிடுகிறோம்.”

தேதி போட்ட சீட்டு இல்லாமல் நகரமாட்டேன் என்று அங்கேயே நின்றேன். இந்த முறையும் வரிசையில் பின்னால் ஆள் இருந்தார்கள். இருபது நிமிடம் ஆனது. சீட்டு வந்தது, முத்திரையோடு.