எங்கே ஒட்டியது என்று தாள் சொல்லாது

பழைய ஈசிஜியையும் நான் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது நானில்லை, அந்த ஐயாதான். டிரெட்மில்லில் ஏறக் காத்திருந்தார். பழைய தாளில் லீட் 3, ஏவிஎஃப் என்று இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் இரண்டு கோடுகளையும் யாரோ சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். உள்ளே ஆழமான க்யூ, பழைய ஹார்ட் அட்டாக்கின் தழும்பு மாதிரி கீழே இறங்கும் குழி. என் தாளில் அதே இடத்தில் சின்னதாக ஒரு ஆர், அதாவது மேல்நோக்கிய கூர்முனை, எழும்பி நின்றது.

"அப்போ அந்த அட்டாக் சரியாப் போயிடுச்சா தம்பி?"

"டாக்டர் பார்த்துச் சொல்வாருங்க ஐயா."

டெக்னீஷியன் ரிப்போர்ட் சொல்லக் கூடாது. விதிப்படி இதுதான் பதில். ஆனால் அவர் கேட்டது ரிப்போர்ட்டைத்தானா? ஈசிஜி ஒயர் மாட்டும் எலக்ட்ரோடை எங்கே ஒட்டினேன் என்பது என் வேலை. அதைச் சொல்ல எனக்கு யார் அனுமதி வேண்டும்?

ஈசிஜி மெஷினை உருவாக்கிய ஐந்தோவன் காலத்தில் இரண்டு கையையும் இடது காலையும் உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தார்கள். கை வெறும் ஒயர் மாதிரிதான். மணிக்கட்டில் மாட்டினாலும் முழங்கைக்கு மேலே மாட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. தோளைத் தாண்டி உடம்புக்குள் வந்துவிட்டால்தான் கதை வேறு. ஓடுகிறவர் கையில் கிளாம்ப் மாட்டினால் கோடெல்லாம் ஆட்டம் என்பதால், 1966இல் மேசன், லைகர் என்ற இருவர் கை எலக்ட்ரோடுகளைக் காறையெலும்புக்குக் கீழேயும் கால் எலக்ட்ரோடை வயிற்றுப் பக்கமும் ஏற்றினார்கள். எல்லா டிஎம்டி (டிரெட்மில் டெஸ்ட்) அறையிலும் நாங்கள் செய்வது அதுதான். இதில் இதயத்தின் மின் அச்சு வலப்பக்கம் திரும்பும், 2, 3, ஏவிஎஃப்பில் ஆர் உயரும், இதயத்தின் கீழ்ச்சுவரில் வந்த பழைய அட்டாக்கின் க்யூ மறைந்தும் போகலாம். நெஞ்சில் ஒட்டும் வி1 முதல் வி6 வரை அவ்வளவாக மாறாது. மெஷினோ இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் அச்சடிக்கிறது. வேகம் 25 மி.மீ., உயரம் 10 மி.மீ. என்று போடும், எங்கே ஒட்டியது என்று போடாது.

மனசு கேட்கவில்லை. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கிளாம்ப் மாட்டி இன்னொன்று எடுத்தேன். க்யூ வந்தது, பழையதைவிடக் கொஞ்சம் சின்னதாக. காலப்போக்கில் க்யூ நிஜமாகவே சுருங்குவதும் உண்டு. அப்படியிருக்க, "அட்டாக் அப்படியேதான் இருக்கு" என்று நான் சொல்லியிருந்தால் அதுவும் சரியில்லைதானே. இந்தச் சமாதானம் பாதி நாள் வேலை செய்கிறது.

டாக்டர் இரண்டு தாளையும் பார்த்து, "எதுக்குப்பா ரெண்டு? பேஷண்ட் குழம்பிடுவாரு" என்றார். நியாயம்தான். ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் போதாததைக் காட்டும் எஸ்டி கோட்டின் மாற்றத்தை, உடம்பில் ஒட்டி எடுத்ததோடுதான் ஒப்பிட வேண்டும். அதை மட்டும் ஃபைலில் வைத்தார். ஐயாவிடம் விளக்கினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்திலும் நான் இல்லை.

நாளைக்கு நெஞ்சுவலி என்று ஐயா வேறு ஊர் கேஷுவால்டிக்குப் போனால் கை காலில்தான் மாட்டுவார்கள். க்யூ தெரியும். எங்கள் தாளில் அது இருக்காது. டியூட்டி டாக்டர் இரண்டையும் வைத்துப் பார்த்தால், நடுவில் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். அந்தப் பழைய தாளையும் ஐயா கையோடு கொண்டுபோனால் தப்பித்தோம்.

ஃபைலில் போன தாளில் "உடம்பில் ஒட்டியது" என்று எழுதித்தான் கொடுத்தேன். இடமில்லாமல் மேல் ஓரத்தில் எழுதினேன். தெர்மல் தாள் மங்கிவிடும் என்று எல்லோரும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதில் ஓரம் விழுமா என்பது சந்தேகம்தான்.