ஒரு சின்ன 'இஸ்'

அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸுமாக வந்துவிடுவாள். கணக்குக்கு ஒரு மணி நேரம், இங்கிலீஷுக்கு அரை மணி நேரம் என்று பிரித்து வைத்திருந்தேன். அந்தப் பிரிவினை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

காரணம் ஒரு வீட்டுப்பாடம். 'ஃபைவ் லெஸ் தன் ட்வெல்வ்' என்பதை எண்களில் எழுத வேண்டும். 5 − 12 என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். அப்புறம், கேட்டுத்தான் பார்ப்போமே என்று, "இது எப்படி வந்தது?" என்றேன்.

"ஃபைவ் முதல்ல வருது. லெஸ்னா மைனஸ். அப்புறம் ட்வெல்வ்." ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துக் காட்டினாள். கண்ணில் பட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறாள், பாவம்.

"அதையே தமிழ்ல சொல்லு."

"பன்னிரண்டை விட ஐந்து குறைவு..." சொல்லிக்கொண்டே ரப்பரை எடுத்துவிட்டாள். 12 − 5. தமிழில் பன்னிரண்டு தானாகவே முன்னால் வந்து நின்றுவிடுகிறது. (பின்னமும் இப்படித்தான். இங்கிலீஷில் 'டூ ஃபிஃப்த்ஸ்' என்று மேலிருந்து கீழே வாசிக்கிறோம். நம் 'ஐந்தில் இரண்டு' கீழிருந்து மேலே ஏறுகிறது.)

அடுத்த வரி 'ஃபைவ் இஸ் லெஸ் தன் ட்வெல்வ்'. அதற்கும் குஷியாக 12 − 5 போட்டாள். இங்கே கழிக்க ஒன்றுமே இல்லை. 'இஸ்' வந்ததும் அது முழு வாக்கியமாகிவிட்டது. ஐந்து சிறியது என்று செய்தி சொல்கிறது, அவ்வளவுதான். 5 < 12. அந்த 'இஸ்'ஸைப் பென்சிலால் வட்டமிடச் சொன்னேன். வினைச்சொல் என்று இலக்கணப் பாடத்தில் பத்து முறை எழுதியிருப்பாள். அது வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கணக்கில் நானே மாட்டிக்கொண்டேன். ரவியிடம் 8 பென்சில்கள். இது மாலாவிடம் இருப்பதைவிட 3 குறைவு. மாலாவிடம் எத்தனை? புத்தகத்தில் எல்லாம் இங்கிலீஷில். தயங்காமல் 5 என்று எழுதினாள்.

"யார்கிட்ட அதிகம்?"

"மாலாகிட்ட."

"நீ போட்ட விடையில?"

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துவிட்டு 11 என்று எழுதினாள். அப்புறம் நிமிர்ந்து, "சித்தி, லெஸ்னு வந்தா கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். போன வருஷத்து நோட்டைத் தேடி எடுத்தாள். முதல் பக்கத்தில் கட்டம் கட்டி என் கையெழுத்திலேயே இருந்தது: மோர் என்றால் கூட்டல், லெஸ் என்றால் கழித்தல். சிவப்புப் பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது. அந்தக் கட்டத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டேன்.